எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: பணக்கொள்கைக் குழுவுக்குக் கீழமாசி வீதியிலிருந்து

ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் ஆறு பேர் கூடி நாட்டுக்கு வட்டி நிர்ணயிக்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் வங்கி ஜனங்களிடம் கருத்தும் கேட்கிறது. வேலைவெட்டி எப்படி, வருமானம் கூடுமா, விலைவாசி என்னாகும் என்று. நகர்ப்புற நுகர்வோர் நம்பிக்கை ஆய்வு 19 பெருநகரங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். கிராமங்களுக்கும் சிறுநகரங்களுக்கும் தனியாக ஓர் ஆய்வு வந்திருக்கிறது, நல்ல காரியம். 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிய மதுரையோ இரண்டிலும் சேர்த்தியில்லை. பெருநகர வரிசையில் இடமில்லை, சிறுநகரம் என்று சொல்லவும் முடியாது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் இந்த மடல்.

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்த அந்த வரிசையிலேயே மிகக் குறைவான எண் அது. உணவுப் பொருள்கள் முந்தைய வருடத்தைவிட 5 சதவீதம் மலிவு என்றார்கள். எங்கள் பேரேட்டைப் பார்த்தால் அதில் பொய்யில்லை. துவரம்பருப்பு நன்றாகவே இறங்கியிருந்தது, வெங்காயமும் அப்படித்தான். சமையல் எண்ணெய்தான் அடம்பிடித்தது. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு ஏற்றியிருந்த அடிப்படை இறக்குமதி வரியை 2025 மே கடைசியில் பாதியாக்கிய பிறகும் அது சட்டென்று இறங்கவில்லை.

பருப்பு இறங்கினால் சில்லறைக் கடைக்காரர் மூட்டையாக எடுப்பார். நான் பார்த்த வரையில் அது நடக்கவில்லை. செக்கானூரணிக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அண்ணாச்சி ஒருவர், வழக்கமாக ஒரு மூட்டை துவரை போடச் சொல்பவர், “பத்துக் கிலோ போதும்ப்பா” என்றார். இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என்று கேட்டேன். கக்கத்தில் இருந்த மஞ்சள் பையிலிருந்து அவர் கடைக் கடன் நோட்டை எடுத்து என் மேசையில் விரித்தார். பக்கத்துக்கு ஒரு குடும்பம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கணக்கு முடித்துவிட்டுப் போகிற வீடுகள். இப்போது பாதிதான் வரவு, மீதி அடுத்த வாரத்துக்கு, அதற்கும் அடுத்த வாரத்துக்கு. “குழுவுக்குக் கட்டணும், நோட்டுல எழுதிக்கங்கண்ணே.” இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்களாம். குழு என்றால் உங்கள் குழு இல்லை, பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குகிற குழு. சரக்கு எடுக்க அவர் கையில் பணம் வேண்டுமே. அது அந்த நோட்டுக்குள் கிடக்கிறது.

வீடுகளில் பணம் எந்த வரிசையில் வெளியே போகிறது என்பதை உங்கள் ஆய்வு கேட்கிறதா, தெரிந்தால் உங்களுக்கு உதவும். முதலில் குழுக்கடன். தவணை தவறினால் பக்கத்து வீட்டு அக்கா ஏசுவாள், கூடவே கையெழுத்துப் போட்டவள் அவள். அடுத்தது தண்டல், அதாவது தினவசூல் கடன். பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு நூறு ரூபாய் என்று நூறு நாளைக்கு வசூலிக்கத் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். மூன்றாவது பள்ளிக்கூடம். கடைசியாகத்தான் பலசரக்கு, ஏனென்றால் கடைக்காரர் தெரிந்தவர், பொறுத்துக்கொள்வார். பருப்பில் மிச்சமான காசு பருப்புக்காரரிடம் வராமல் முதல் இரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விலை இறங்கியும் எங்கள் தெருவில் பாக்கி ஏறியதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

நீங்கள் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. 2025 பிப்ரவரிக்கு முன் 6.5 சதவீதமாக இருந்த அதை டிசம்பருக்குள் 5.25க்குக் கொண்டுவந்தீர்கள். வீட்டுக்கடன் வாங்கிய வங்கி ஊழியருக்கு அது தெரிந்திருக்கும். குழுக்கடனுக்கு இருபது சதவீதத்துக்கும் மேல் கட்டுகிற அம்மாவுக்கு ஒன்றேகால் சதவீதம் எந்த மூலைக்கு? தண்டல்காரருக்கு ரெப்போ என்று ஒன்று இருப்பதே தெரியாது. 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாயிற்று, 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொன்றும் வந்தாயிற்று. அவர் மொபெட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து நகை. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வாசல்களைப் பார்த்து ஊர் செழிப்பாக இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். அடகு வைக்கிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். 2025இல் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை முந்தைய ஆண்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் போனது என்று உங்கள் புள்ளிவிவரமே சொல்கிறது. விவசாயக் கடனில் இருந்ததைத் தலைப்பு மாற்றி எழுதியது அதில் கொஞ்சம், தங்கம் ஏறியதால் வந்தது கொஞ்சம். டிசம்பரில் ஒரு பவுன் லட்சத்தைத் தாண்டியபோது, முன்பே வைத்த அதே வளையலுக்கு இன்னும் மேல்பணம் கிடைத்தது. புதிதாக ஒரு பொட்டு நகைகூட வைக்காமல் கடன் பெருத்தது இப்படித்தான். இடுப்பில் கட்டிய கயிறு இறுகுகிறது என்று யாரும் கத்தவில்லை, தங்கம் ஏறஏறக் கயிறும் நீண்டுகொண்டே போனது. தங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகை விஷயத்தில் ஒரு நன்றியும் உண்டு. பழைய கடனை முழுசாகக் கட்டினால்தான் மறுபடி வைக்க முடியும் என்று வங்கிகள் கறாராக இருந்தபோது, ஒரு நாளைக்குப் பணம் புரட்டிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம். காலையில் வாங்கிக் கட்டி, நகையை மாற்றி வைத்து, மாலையில் வட்டியோடு திருப்ப வேண்டும். 2025 ஜூனில் வந்த உங்கள் விதிகள், வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம் என்றன. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் சொன்னீர்கள். சிறிய ஆட்களுக்கு அது உபகாரம்தான். அதனால் கூடுகிற கடனையும் யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் கடைக்குத் தெரிந்த இன்னொரு அடையாளம் செய்முறை, அதாவது விசேஷ வீட்டுக்கு மொய் செய்வது. உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்தோ கல்யாணமோ வைத்தால் மொய்ப் பணம் பெரிய வரவு. போன தடவை நமக்குச் செய்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பி எழுத வேண்டும். வட்டி என்று யாரும் சொல்வதில்லை, கடன்தான். விருந்துக்குச் சாமான் எங்களிடமிருந்து போகும். விசேஷம் முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் பித்தளைக் குடத்தில் விழுந்த பணத்தை எண்ணி முடித்துக் கடைக்கு வந்து பில்லை அடைப்பார், அதுதான் முறை. நல்ல காலத்தில் மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடுவார். அவருக்குப் பதில் மைத்துனர் வந்து “ஒரு பத்து நாள் பொறுங்கண்ணே” என்று நின்றால், மொய் குறையவில்லை, வந்ததை வேறொருவர் பந்தலிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அர்த்தம். கடன் அடைக்கவே விசேஷம் வைக்கிற வீடுகளும் உண்டு, ஊரில் யாரும் வெளியே பேசுவதில்லை.

நம்பக் கூடாத அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது என்று தொலைக்காட்சியில் காட்டுவார்கள். பனி விழுந்தால் செடியில் மொட்டுப் பிடிக்காது, அப்போது முகூர்த்தமும் சேர்ந்தால் விலை ஏறும். அதில் தெரிவது பனி, ஊர்ப் பொருளாதாரம் இல்லை. அதேபோல் தீபாவளிக்கு முந்தின ராத்திரிகளில் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமில்லை என்பார்கள். பஞ்ச காலத்திலும் அங்கே கூட்டம் இருந்திருக்கும். பையில் பெரியவர்களுக்கும் துணி இருக்கிறதா, பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்று பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஆய்வு நடக்கும் நகரங்களில் மதுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை ஏறுமா இறங்குமா என்று கேட்கிறவர்கள், போன மூன்று மாதத்தில் அடகு நகையைத் திருப்பினீர்களா, மாற்றி வைத்தீர்களா, மேல்பணம் வாங்கினீர்களா என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். நகைக்கடன் கணக்கை மாவட்டவாரியாக, புதுக் கடன் தனி, புதுப்பித்தது தனி என்று வெளியிடுங்கள். வங்கிகளிடம் இதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கத்தான் செய்கிறது.

ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் வீட்டில் பெண்களிடம் கேட்கச் சொல்லுங்கள். குழுக்கடன் அவர்கள் பேரில்தான் இருக்கிறது, எவ்வளவு என்பது வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது. கடைத்தெருவுக்கும் வருவதானால் செவ்வாய், புதன் காலை தோதாக இருக்கும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு நிற்க இடமிருக்காது, யாரைக் கேட்டாலும் “ஏதோ ஓடுதுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கீழமாசி வீதிக் கணக்குப்பிள்ளை ஒருவன்