சி.சுப்பிரமணியத்தின் விலையும் கொள்முதல் நிலையத்தின் எடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜனவரி 30, முன்னாள் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியத்தின் பிறந்த நாள். காந்தி நினைவு நாளும் அதுவே என்பதால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். பட்டாலும் ‘பசுமைப் புரட்சி’, ‘பாரத ரத்னா’ என்று இரண்டு வரியோடு முடிந்துவிடும். காவிரி டெல்டாவில் அந்தத் தேதிக்குச் சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, நெல் அரசின் நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் அம்பாரமாகக் கிடக்கும். அவருடைய கொள்கையைப் பற்றிப் பேச அந்த வாசலைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அவர் கொண்டுவந்த விதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது பலரும் அறிந்தது. விலைக்காக அவர் போட்ட சண்டைதான் மறந்துபோயிற்று. 1964-இல் சாஸ்திரி அமைச்சரவையில் உணவு, வேளாண் துறை அவரிடம் வந்தபோது அதை விரும்பிக் கேட்க ஆள் இல்லை. நகரத்துக்கு மலிவாகச் சோறு போட வேண்டும், பற்றாக்குறைக்கு அமெரிக்காவின் பி.எல்.480 என்ற உணவு உதவிச் சட்டத்தில் வரும் கோதுமை இருக்கிறது என்பதே அன்றைய நடைமுறை. சி.எஸ். (சுப்பிரமணியத்தை அப்படித்தான் அழைப்பார்கள்) அதைத் திருப்பிப் போட்டார். உரத்துக்குக் கடன் வாங்கிப் போட்டவன் நன்றாக விளைந்த வருஷத்திலேயே விலை சரிந்து நஷ்டப்பட்டால், அடுத்த வருஷம் உரமும் போட மாட்டான், புது விதையையும் தொட மாட்டான். ஆகவே விலை உறுதி முதலில், விஞ்ஞானம் அதன் பின்னால். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் எதிர்ப்பையும் மீறித்தான் இதைச் சாதித்தார். பிரதமரின் செயலாளர் எல்.கே.ஜா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் வந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகமும் தொடங்கியது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது தஞ்சாவூரில்.

அடுத்த மாதமே இந்தித் திணிப்பை எதிர்த்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்தவர் அவர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். மறு வருஷம் அவர் கொண்டுவந்த விதையால் வட இந்தியாவில் விளைந்த கோதுமையை வைக்கக் கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள்.

அவர் கண்ட நியாயம் எளிமையானது. விதைக்கும் முன்பே விலை தெரிய வேண்டும். சந்தை அந்த விலைக்குக் கீழே இறங்கினால், தரமான நெல்லைக் கொண்டுவருகிற எவரிடமிருந்தும் அரசு வாங்கியாக வேண்டும். முதல் பாதி இன்று ஓரளவு நடக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குறுவை நடவை ஒட்டி வந்துவிடுகிறது. 2025-26 பருவத்துக்குப் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389. தமிழக அரசு அந்தப் பருவத்தில் அதன் மேல் 131, 156 என்று ஊக்கத்தொகை சேர்த்ததால் விவசாயிக்கு 2,500, 2,545 கிடைத்திருக்க வேண்டும். (இந்த ஊக்கத்தொகை மட்டும் செப்டம்பரில் கொள்முதல் தொடங்கும் சமயத்தில்தான் தெரியவருகிறது. குறுவை அப்போது கதிர் முற்றி நிற்கும். ஜூனிலேயே சொன்னால் என்ன?)

சிக்கல் இரண்டாவது பாதியில். கொள்முதல் விதிப்படி ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. கல், மண் 1 விழுக்காடு; பதர், வைக்கோல் துணுக்கு 1; சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்த்து 5; முதிராத, சுருங்கிய மணி 3; மட்ட ரகக் கலப்பு 6 விழுக்காடு வரை ஏற்கலாம். கல்லையும் பதரையும் தூற்றும் மெஷினில் விட்டுச் சரிசெய்துகொள்ளலாம். விவசாயியை வீழ்த்துவது ஈரம்தான்.

பெல்ட் வண்டியில் (அறுவடை இயந்திரத்தில்) அறுத்த நெல் 20 முதல் 24 விழுக்காடு ஈரத்தோடுதான் வண்டியை விட்டு இறங்கும். முன்பெல்லாம் அரியை, அதாவது அறுத்த தாளை, களத்தில் போட்டு இரண்டு நாள் காயவிட்டு அடித்ததால் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. இப்போது களமும் இல்லை, ஆளும் இல்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் மாட்டிக்கொள்கிறது, சம்பா தைப் பனியில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் மாநில அரசு ஈரப்பத வரம்பில் தளர்வு கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். தளர்வு கிடைப்பதற்குள் நெல் பாதி முளைத்துவிடும், அல்லது வியாபாரி வீட்டுக்குப் போய்விடும்.

ஈரப்பதத்தை ஏற்பு, நிராகரிப்பு என்று ஒரே கோட்டில் வைத்திருப்பதுதான் அநியாயத்தின் வேர். கணக்கைப் பாருங்கள். 17 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 83 கிலோ. 20 விழுக்காட்டில் 80 கிலோ. அரசு வாங்க விரும்புவது இந்தக் காய்ந்த பொருளைத்தான், தண்ணீரை அல்ல. அப்படியானால் 20 விழுக்காடு நெல்லுக்கு 83-க்கு 80 என்ற விகிதத்தில் விலை கொடுத்தால் போதும். 2025-26 விலைப்படி சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 92 ரூபாய் குறைந்து 2,453 வரும். 19 விழுக்காட்டுக்கு 61 ரூபாய் குறையும். ஒரு வாரம் சாலையோரத்தில் படுதா போட்டுக் காத்துக் கிடப்பதைவிட இந்தக் குறைந்த விலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எந்த விவசாயியும் சம்மதிப்பார். அதே கணக்குப்படி 15 விழுக்காட்டுக்குக் காயவைத்துக் கொண்டுவருபவருக்கு 61 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இன்று அவருக்கும் 17-காரருக்கும் ஒரே விலை. நன்றாகக் காயவைத்தவருக்குத்தான் நஷ்டம்.

காத்திருப்பதன் விலை இதில்தான் ஒளிந்திருக்கிறது. 17-இல் தேறிய நெல்லைச் சாக்கு இல்லை, இடம் இல்லை என்று பத்து நாள் நிறுத்திவைத்தால், வெயில் காலத்தில் அது 14-க்கு இறங்கிவிடும். 100 கிலோ 96.5 கிலோவாகிவிடும். குவிண்டாலுக்கு ஏறக்குறைய 89 ரூபாய் காற்றோடு போயிற்று.

ஈர நெல்லை வாங்கினால் கெட்டுப்போகுமே என்பது நியாயமான ஆட்சேபணை. 17-க்கு மேல் போன நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், அரிசி மஞ்சளாகும். ஆனால் நமது ரேஷன் அரிசியில் பெரும்பகுதி புழுங்கல். புழுங்கல் ஆலையில் நெல்லை ஊறவைத்து 30 விழுக்காடு ஈரம் ஏற்றிவிட்டு, ஆவி காட்டி, மறுபடி உலர்த்துகிறார்கள். எப்படியும் நனைக்கப்போகிற நெல்லை, நனைந்திருக்கிறது என்று வாசலில் திருப்பி அனுப்புவதில் என்ன பொருள் இருக்கிறது? 17-க்கு மேலுள்ள மூட்டைக்குத் தனி நிறச் சாக்கு அல்லது முத்திரை, தனி அடுக்கு, இரண்டு நாளுக்குள் நேரே புழுங்கல் ஆலைக்கு லாரி. திறந்தவெளிச் சேமிப்புக்கு அதை அனுப்பவே கூடாது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மத்திய அரசு ஒரு முறை ஈரத்துக்கேற்ற விலைக்குறைப்புப் பட்டியலை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் குழு வந்துபோகும் செலவும் மிச்சம்.

அளக்கும் முறையும் சீர்பட வேண்டும். வெயிலில் சுடச்சுடக் கிடந்த நெல்லை அப்படியே ஈரப்பதமானியில் போட்டால் அளவு பிசகும். விடியற்காலைப் பனி உமியில் ஒட்டியிருக்கும்போது போட்டால் உள்ளே இல்லாத ஈரத்தைக் காட்டும். அம்பாரத்தின் ஐந்து இடத்தில், மேல், நடு, அடி என்று கைவிட்டு எடுத்து, கலந்து, நிழலில் ஆறவைத்து, மூன்று முறை பார்த்துச் சராசரியைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் பிறகு முறையிட முடியும். வாய்வார்த்தையில் ‘ஈரம் ஜாஸ்தி’ என்று சொல்வதற்கு மேல்முறையீடு ஏது?

விவசாயிகளின் பக்கமும் சில தவறுகள் உண்டு. அரையடி உயரத்துக்குக் கொட்டி மேலாகக் கிளறினால் அடிநெல் காயாது. இரண்டு விரற்கடை கனத்துக்கு மேல் பரப்பாமல் அரை மணிக்கு ஒரு முறை அடியோடு திருப்பிவிட வேண்டும். மாலையில் சூடு ஆறும் முன் படுதாவால் இறுக மூடினால் இரவெல்லாம் வேர்த்து, காலையில் பழைய ஈரத்துக்கே வந்துவிடும்.

இனி எடைக்கு வருகிறேன். மூட்டைக்கு 40 கிலோ என்பது விதி. காலிச் சாக்கின் எடையைக் கழித்தபின் ஒரு கிலோவாவது கூட வைத்தால்தான் தைப்பார்கள் என்பதும், மூட்டைக்கு 40 ரூபாயோ அதற்கு மேலோ கையில் கொடுக்க வேண்டும் என்பதும் ஆண்டுதோறும் செய்தியாகிற புகார்கள். ஏக்கருக்கு 60 மூட்டை, அதாவது 24 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் எடை 60 கிலோ, மதிப்பு 1,527 ரூபாய். கைக்காசு 2,400. மொத்தம் 3,927 ரூபாய். 2025-26 பருவத்தில் மாநில அரசு அந்த ஏக்கருக்குத் தந்த ஊக்கத்தொகை 156 வீதம் 3,744 ரூபாய். கோட்டையில் அறிவித்த பணம் முழுவதும் தராசுத் தட்டிலேயே கரைந்து, கையிலிருந்தும் 183 ரூபாய் போகிறது.

இதை வெறும் பேராசை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். காரணம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. நிலையத்தின் பட்டியல் எழுத்தர் பெரும்பாலும் பருவகால ஊழியர். வாங்கிய மூட்டை லாரி வராமல் மூன்று வாரம் வெயிலில் கிடந்து 17-லிருந்து 14-க்கு இறங்கினால் மூட்டைக்கு 1.4 கிலோ குறையும். இறக்கும் இடத்தில் எடை போடும்போது அந்தக் குறைவுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அனுமதித்ததற்கு மேலான இழப்பை அவரிடமே பிடிப்பார்கள். அதை அவர் விவசாயியிடம் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்கிறார். ஆக, லாரி ஒப்பந்தக்காரரின் தாமதத்துக்கு அபராதம் கட்டுவது விவசாயி. வாங்கிய நாளின் ஈர அளவையும் இறக்கிய நாளின் ஈர அளவையும் பதிந்து, தண்ணீர் வற்றியதால் வந்த குறைவைக் கணக்கில் கழித்துவிட்டால் எழுத்தருக்கு அந்த ஒரு கிலோ தேவைப்படாது. அதன் பிறகும் கேட்பவர் மீது தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கலாம். லாரி இத்தனை நாளுக்குள் வராவிட்டால் வாடகையில் பிடித்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, நடைமுறைப்படுத்தவும் வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளிக்கு மூட்டைக் கூலி அந்தந்த வாரமே வங்கியில் ஏறினால் அவர் கைநீட்டும் அவசியமும் குறையும்.

கடைசியாகக் குத்தகைதாரர். கொள்முதலுக்குச் சிட்டா (நில உரிமைப் பதிவு), கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்ப் பதிவு), வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுபவர் பெயரில் எந்தக் காகிதமும் இருக்காது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பதிந்தால் நிலம் போய்விடும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார், கேட்டால் அடுத்த போகம் கிடைக்காது என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். முடிவில் அவர் நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு மலிவாகப் போடுகிறார். அதே நெல் வேறொருவர் அடங்கலோடு அதே நிலையத்துக்கு வந்து முழு அரசு விலைக்குப் போகிறது. உடைமையாளரின் உரிமையைப் பாதிக்காத, அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடிச் சான்றை, பயிர் நிற்கும்போதே நேரில் பார்த்து வழங்கலாம். அறுவடைக்குப் பிறகு கேட்டு வாங்கும் சான்றில்தான் தில்லுமுல்லு நுழைகிறது.

சி.எஸ். பிறந்த நாளில் படத்துக்கு மாலை போடும் அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் அன்று காலை ஏதாவதொரு கொள்முதல் நிலையத்துக்குச் சொல்லாமல் போய், ஒரு காலிச் சாக்கையும் ஒரு தைத்த மூட்டையையும் தராசில் வைத்துப் பார்க்கட்டும். வித்தியாசம் 40 கிலோதானா என்பதைத் தங்கள் பத்திரிகை மறுநாள் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு டெல்டா வாசகர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.