ஆயர் யார், பேராயர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கிறிஸ்துமஸ் சிறப்புப் பக்கத்தில் கத்தோலிக்க ஆயரின் வாழ்த்தும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயரின் வாழ்த்தும் வந்திருந்தன. மகிழ்ச்சி. ஆனால் முன்னுரையில் பேராயரை மேலதிகாரி போலவும் ஆயரை அவருக்குக் கீழே பணியாற்றுபவர் போலவும் எழுதிவிட்டீர்கள். இரண்டும் தனித்தனித் திருச்சபைகள். ஒருவர் இன்னொருவருக்குக் கீழே இல்லை.

குழப்பம் வருவது இயல்புதான். கத்தோலிக்கர்களிடம் சபையின் நிர்வாகப் பகுதியான ஒரு மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். சென்னை-மயிலாப்பூர், மதுரை, புதுச்சேரி-கடலூர் போன்ற உயர்மறைமாவட்டங்களுக்குத்தான் பேராயர். 1947இல் உருவான சி.எஸ்.ஐ.யிலோ, மறைமாவட்டம் போன்ற ஒவ்வொரு திருமண்டலத்தின் தலைவரும் பேராயர்தான். அவர்களுக்குள் ஒருவரைப் பிரதமப் பேராயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சரி, அங்கே ஆயர் என்றால்? சென்னைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் நம் தெருக்கோயிலில் ஆராதனை நடத்துகிறவரே ஆயர். எங்கள் நெல்லைப் பக்கம் அவர் சேகர குருவானவர். கத்தோலிக்கர்களுக்கு அதே இடத்தில் இருப்பவர் பங்குத்தந்தை. ஆகவே உங்கள் நிருபர் 'மறைமாவட்டம்', 'திருமண்டலம்' என்ற சொற்களைக் கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கத்தோலிக்கருக்குச் சாமியார், சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையாருக்கு ஐயர், அவ்வளவுதான். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப்பைப் போப் ஐயர் என்று இன்றும் சொல்கிறோம். கால்டுவெல் ஐயர் 1877இல் பிஷப் ஆனதும் அத்தியட்சர் ஆனார். இப்போதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "ஐயர் வந்துட்டாரா?" என்று கேட்டால், வெளியூர்க்காரர் கல்யாணத்துக்குப் புரோகிதரைத் தேடுவதாகத்தான் நினைப்பார்.

பெண்கள் விஷயத்தில் சபைகளே இன்னும் தடுமாறுகின்றன. சி.எஸ்.ஐ. 1976 முதல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது. 2013இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே பொறுப்பேற்றார். ஆனால் 'ஐயரம்மா' என்றால் இங்கே ஐயரின் மனைவி. குருவானவராகவே இருக்கும் பெண்ணை அப்படி அழைத்தால் அவர் பதவி காணாமல் போய்விடும். பெயருக்கு முன் 'அருள்திரு' சேர்த்துவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே இடமில்லை.

என்னை அதிகம் உறுத்துவது குற்றச் செய்திப் பக்கம். வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர் மோசடி வழக்கில் சிக்கினாலும் 'பாதிரியார் கைது' என்றே தலைப்பு வருகிறது. அவரை எந்தச் சபையும் அபிஷேகம் செய்திருக்காது. தன்னைத் தானே பாஸ்டர் என்று அழைத்துக்கொண்டிருப்பார். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்து வந்த அருட்பணியாளர்கள் மீது அந்தத் தலைப்பின் நிழல் விழுகிறது. உண்மையிலேயே ஒரு பங்குத்தந்தையோ குருவானவரோ தவறு செய்தால் தாராளமாக அப்படியே எழுதுங்கள், எந்தச் சபை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறைக்கச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் பட்டம் சூட்ட வேண்டும் என்பதும் இல்லை. பிரதரன் சபையார் பட்டங்களையே ஏற்பதில்லை. அவர்களுக்குச் சகோதரர் போதும். ஆனால் கத்தோலிக்கர்களிடம் 'பிரதர்' என்றால் பெரும்பாலும் குருமட மாணவரோ துறவற சபைச் சகோதரரோதான். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற சபையில் குருமாரை மேஜர், கேப்டன் என்றே அழைப்பார்கள். நாகர்கோவில் செய்தியில் அப்படி ஒரு மேஜர் வந்தால் சபையின் பெயரையும் போடுங்கள், இல்லையென்றால் வாசகர்கள் ராணுவ அதிகாரி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பேட்டி எடுக்கும்போது பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கிறீர்கள் அல்லவா, அப்போதே "உங்களை எப்படிப் போடட்டும், ஐயா?" என்றும் கேட்டுவிடலாம். ஈஸ்டர் பக்கத்துக்கு முன் இதை உங்கள் நிருபர்களுக்குச் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை