சைக்கிள் தராததையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தையொட்டித் தங்கள் இணைப்பிதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். சைக்கிளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை அச்சில் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதில் இரண்டு வரிகள் உறுத்தின. சைக்கிள் ஓட்டுவது எலும்புகளை உறுதியாக்கும் என்பது ஒன்று. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வேறு உடற்பயிற்சியே வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவது அதைவிடப் பெரிய தவறு. ஏனென்றால் அதை நம்பியவர்கள்தான் கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

நான் இயன்முறை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக முழங்கால், முதுகு, கழுத்து என்று பார்த்து வருகிறேன். வருகிறவர்களில் கணிசமானவர்கள் சைக்கிள்காரர்கள். நானும் ஓட்டுகிறவள்தான், வேகமாக அல்ல. ஆகவே இது சைக்கிளுக்கு எதிரான கடிதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எலும்பு. தன்மேல் விழும் சுமைக்கும் அதிர்வுக்கும் ஏற்பத்தான் எலும்பு தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறது. நடந்தால், ஓடினால், குதித்தால் ஒவ்வொரு அடியிலும் அதற்கு ஒரு சேதி போகிறது. சைக்கிளிலோ நம் எடையைச் சீட்டும் பெடலும் ஹேண்டில்பாரும் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்கின்றன. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாங்கள் சைக்கிளைப் பரிந்துரைப்பதே அதனால்தான். மூட்டுக்கு அது ஓய்வு, எலும்புக்கோ அது வேலையின்மை. சாலைப் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓட்டிய வீரர்களை அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களுடைய கீழ்முதுகின் எலும்பு அடர்த்தி அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதயம் குதிரை மாதிரி இருக்கும், முதுகெலும்பு மெலிந்திருக்கும். இரண்டும் ஒரே உடம்பில்தான்.

அடுத்து, அசைவு. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 5,400 தடவை மிதிக்கிறார். அத்தனை தடவையும் ஒரே வட்டம், ஒரே தளம். முழங்கால் முழுதாக நீள்வதில்லை. இடுப்பு முழுதாக நிமிர்வதில்லை. பக்கவாட்டில் அசைவு இல்லை, திரும்பும் வேலை இல்லை. இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை: மிதிக்கும்போது தசைகள் பெரும்பாலும் சுருங்கித்தான் வேலை செய்கின்றன. நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலை, அதாவது படியில் இறங்கும்போது தொடைத்தசை செய்யும் வேலை, சைக்கிளில் அனேகமாகக் கிடையாது. நாலு மணி நேரம் அசராமல் மிதிக்கிறவரை ஒரு குன்றின்மேலிருந்து கீழே நடந்து இறங்கச் சொல்லிப் பாருங்கள்; மறுநாள் நாற்காலியிலிருந்து எழ முனகுவார்.

என்னிடம் வரும் சைக்கிள்காரர்கள் முதலில் செல்பேசியை நீட்டுவார்கள். மிதித்த ஆற்றல் வாட் கணக்கில், இதயத்துடிப்பு, ஏறிய உயரம், எல்லாம் அதில் இருக்கும். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று காரியம் செய்யச் சொல்வேன். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழாமல் குந்த வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைக்க வேண்டும். அப்போது மறுதொடை தானாக மேலே எழுந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். நல்ல வேகக்காரர்கள் பலர் இந்த மூன்றில் இரண்டிலாவது தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி. நடுவயது. வலது முழங்காலின் முன்பக்கம் வலி. சீட்டை மாற்றிப் பார்த்துவிட்டார், பெடலை மாற்றிவிட்டார், ஷூவை மாற்றிவிட்டார். வலி மட்டும் மாறவில்லை. சீட் சற்றுத் தாழ்ந்திருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு காலுக்கும் சீட் ஒன்றுதானே? இடது முழங்கால் ஏன் வலிக்கவில்லை? கேட்டுக்கொண்டே போனதில், எப்போதோ வலது கணுக்கால் பிசகி, அது சரியாகக் குணமாகாமலே விட்டிருந்தது தெரிந்தது. அந்தக் கணுக்கால் முன்னோக்கி மடங்கவே மறுத்தது. அதே பக்கத்துப் புட்டத் தசையும் சோர்ந்திருந்தது. பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலைத் தளர்த்தி, புட்டத் தசைக்கு வேலை கொடுத்து, சீட்டைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினோம். சில வாரங்களில் வலி அடங்கியது. கொசுறாக அவர் மேடும் முன்பைவிட நன்றாக ஏறினார்.

சீட் உயரத்துக்குப் பழைய கணக்குகள் உண்டு. 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர் சொன்னது: காலின் உட்புற நீளத்தில் 109 சதவீதம், பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. வீட்டில் செய்வதானால் இன்னும் எளிது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள்; கால் அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு மிஞ்சும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வோ என்று பாருங்கள், பின்பக்கம் வலித்தால் உயரமோ என்று பாருங்கள். பல நேரம் இது போதும். போதாதபோது, சைக்கிளை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும்.

கை மரத்துப்போவதும் அப்படித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் ஓரமாக ஓடும் நரம்பு அழுந்துகிறது. மெத்தை வைத்த கையுறை வாங்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. வாங்கலாம். ஆனால் அவ்வளவு எடை கைக்கு ஏன் வந்தது? சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கலாம், ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கலாம், அல்லது ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முதுகும் வயிறும் உடம்பைத் தாங்கச் சக்தியற்றுக் கையில் சரிந்திருக்கலாம். மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. அதற்குக் கையுறைக் கடையில் மருந்து இல்லை.

இதெல்லாம் வலிக்காரர்களின் பிரச்சினை, எங்களுக்கு வேகம்தான் வேண்டும் என்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி காற்றோடு போராடவே போகிறது. காற்றை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் கன மடங்காக ஏறும். வேகம் இரட்டித்தால் அதற்கான ஆற்றல் எட்டு மடங்கு. அந்தக் காற்றை மறிப்பது பெரும்பாலும் உங்கள் உடம்புதான், சைக்கிளின் பங்கு சிறிது. 1993-இல் ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஒப்ரீ, சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் பொருத்தித் தானே செய்த சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். கைகளை மார்புக்குக் கீழே மடக்கி, உடம்பை ஒடுக்கி வைத்திருந்தார். அந்த அமர்வைப் பன்னாட்டு சைக்கிள் சங்கம் பிறகு தடைசெய்தது. பேரிங்கைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு ஆச்சரியம், அப்படிக் குறுகிய நிலையில் ஒரு மணி நேரம் மூச்சுவிட்டு மிதிக்க முடிந்த அந்த இடுப்பும் முதுகும்தான். தாழ்ந்து உட்காரும் ஹேண்டில்பாரைக் காசு கொடுத்து வாங்கலாம், தாழ்ந்து உட்கார இடுப்பு மடங்க வேண்டுமே. மடங்காவிட்டால் முதுகு வளையும், கழுத்து நிமிரும், வயிறு நசுங்கி மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும்.

எடை தூக்கினால் கால் கனத்து வேகம் குறையும் என்று இன்னமும் சொல்கிறார்கள். நார்வே ஆய்வாளர் ரோன்னெஸ்டாடும் சகாக்களும் நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான ஓட்டத்தோடு 12 வாரம் கனமான எடையும் தூக்கினார்கள். மறுபிரிவினர் ஓட்டியதோடு சரி. பிறகு 185 நிமிடம் மிதமாக மிதிக்கவைத்து, களைத்த கால்களோடு கடைசி 5 நிமிடம் முழுமூச்சில் மிதிக்கச் சொன்னார்கள். எடை தூக்கியவர்கள் முன்பைவிட அதிக ஆற்றல் காட்டினார்கள்; மற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பந்தயம் தீர்மானமாவது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தானே?

உணவு என்று வரும்போது உங்கள் கட்டுரை எடை குறைப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். மேடு ஏற எடை குறைய வேண்டும் என்று ஓர் இளம்பெண் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். ஆரம்பத்தில் வேகம் கூடியது. பிறகு தூக்கம் கெட்டது, அடிக்கடி சளி பிடித்தது, மேட்டில் கால் ஓடவில்லை. மாதவிடாய் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. கடும் பயிற்சிக்கு அது சகஜம் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சகஜமே இல்லை. செலவுக்கேற்ற உணவு இல்லாதபோது உடம்பு ஒவ்வொரு துறையாக மூடிக்கொண்டு வருவதை 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தனிப் பெயரிட்டே விளக்கியிருக்கிறது. ஹார்மோன், எலும்பு, எதிர்ப்புசக்தி, மனநிலை எல்லாம் இதில் அடிபடும், ஆண்களுக்கும் நேரும். ஏற்கெனவே எலும்புக்கு வேலை தராத ஒரு விளையாட்டில், அதற்குத் தீனியும் தராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்கு நான் ஒரு பயிற்சியும் தரவில்லை. மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் அனுப்பினேன். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். வெறும் தண்ணீரோடு ஓட்டி முடிப்பதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

ஓய்வையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாள்களில் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகம் போதும். உச்ச நிலை வீரர்களே தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதத்தை இலகுவாக ஓட்டுகிறார்கள் என்பது ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் திரும்பத் திரும்பக் காட்டியது. நம்மவர்கள் எல்லா நாளும் அரைகுறைக் கடினத்தில் ஓட்டுவார்கள், பிறகு கடினமாக ஓட்ட வேண்டிய நாளில் முடியாது.

அப்படியானால் சைக்கிளோடு என்னதான் செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று இருக்கிறது. அதைச் சைக்கிளிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்றும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நான் கேட்பது வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். எடையோடு குந்தி எழுவது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடை தூக்குவது, ஒற்றைக் காலில் படியிறங்குவது, எதையாவது நெஞ்சை நோக்கி இழுப்பது, எலும்புக்காகக் கொஞ்சம் குதிப்பது. எலும்பு மெலிவு ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குதிக்க வேண்டாம். மற்ற நாள்களில் நடங்கள். ஐந்து நிமிட நீட்டல் பயிற்சியைக் கடமைக்குச் செய்வதைவிட நடை மேல் என்பது என் அபிப்பிராயம். சகாக்கள் சிலர் ஒப்ப மாட்டார்கள்.

உடம்பை முழுதாகப் பார்க்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சீட், ஷூ, உணவு, தூக்கம், பயிற்சி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாறிவிடும். பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று. சீட் என்றால் சில மில்லிமீட்டர். இரண்டு வாரம் காத்திருந்து அடுத்தது.

இடம் இருந்தால் இதையும் சேர்த்து வெளியிடுங்கள்: மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் சீட்டைச் சரிசெய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். சைக்கிளிலிருந்து இறங்கிய பிறகும் நாள் கணக்கில் விலகாத மரத்துப்போதல், இரவில் எழுப்புகிற எலும்பு வலி, மூன்று மாதம் வராத மாதவிடாய், இவற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். என்னிடம் வருகிறவர்கள், இதில் வருவது தாங்கள்தானோ என்று தேடக்கூடும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்