கிடாருக்கு எங்கே இடம்?

அன்புள்ள கண்ணம்மா,

கல்லூரி ஜாஸ் குழுவில் டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும்போது உன் கிடாருக்கு இடமே இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸும் ராக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனும் சேர்ந்து வாசித்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசைத்தட்டை நீ கட்டாயம் கேட்க வேண்டும். 2011 ஏப்ரலில் நியூயார்க்கில் 'ஜாஸ் அட் லிங்கன் சென்டர்' அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவானது.

மார்சாலிஸ், ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸ்காரர். ஜாஸின் முன்னோடிகளான கிங் ஆலிவரும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1923இல் சேர்ந்து ஊதிய குழுவைத்தான் இந்த நிகழ்ச்சிக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். இரண்டு டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் நான்கும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். தாளத்துக்கு பாஞ்சோ (கிடார் போன்ற தந்தி வாத்தியம்), பியானோ, பாஸ், டிரம்ஸ். இத்தனைக்கும் நடுவே மின்கிடாரோடு கிளாப்டன்!

பன்னிரண்டு 'பார்' (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸை எண்ணிக்கொண்டே கேள். நாலு பாருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பாடுவது அந்த நாலு பாரில் பாதியிலேயே முடிந்துவிடும். மிச்சம், வாத்தியத்தில் பதில் சொல்பவருக்கு. கிடாருக்குரிய இடம் அதுதான், கண்ணம்மா. நாலைந்து சுரம் போதும், ஆனால் கடைசிச் சுரத்தை இழுத்து நடுங்கவிட வேண்டும். ஊதுபவர்களுக்கு மூச்சு வாங்க வேண்டும், உனக்கு வேண்டாம். அதனாலேயே கிடார்காரர்கள் நிறுத்தாமல் வாசித்துத் தள்ளுகிறார்கள். ஊதுபவர்களைப் போல நீயும் மூச்சுவிட்டு வாசித்துப் பார்.

முதல் பாட்டு வெறும் உற்சாகத்துக்கு. 'லைலா'வுக்குத்தான் நான் உருகிப்போனேன். அந்த நிகழ்ச்சிக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தவர் கிளாப்டன்; இதை மட்டும் கேட்டுச் சேர்த்தவர் பாஸ் வாசித்த கார்லோஸ் ஹென்ரிகெஸ். 1970இல் அனல் பறக்க வந்த ராக் பாட்டு, இங்கே நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்தின் நடையில் அடிமேல் அடிவைத்து நகர்கிறது. இளமையில் கிளாப்டன் கெஞ்சிய அதே சொற்கள், 66 வயதுக் குரலில் இழந்தவனின் ஒப்பாரியாகிவிடுகின்றன. வேகத்தைக் குறைத்தால் ஒரு பாட்டுக்குள் இவ்வளவு துக்கம் தெரியுமா என்று வியந்துபோனேன்.

அதற்குப் பின்னால் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகர் வந்து, அந்த ஊர் சவ அடக்கத்துக்கு வாசிக்கும் பழைய பக்திப் பாடலைப் பாடுகிறார். 12 நிமிடத்துக்கும் மேல் போகும். பாதியில் நிறுத்திவிடாதே.

உங்கள் குழுவில் பாஞ்சோ கிடையாது, ஆகவே தாளம் பிடிக்கும் வேலையும் உன் தலையில்தான் விழும். டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணோடு தனியாக உட்கார்ந்து ஒருமுறை பழகிப் பார். அடுத்த ஒத்திகை எப்படிப் போனது என்று எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா