பிள்ளைகளின் சீனி வருத்தத்தை முதல் நாளே கண்டுபிடிக்க வழிசெய்யக் கோரி

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
கொழும்பு 10.

ஐயா / அம்மா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன வருடம் என் ஒன்பது வயது மகன் திரும்பவும் படுக்கையில் சலம் போகத் தொடங்கினான், மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். இரவில் எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தான், பாடசாலைக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. காட்டிய இடத்தில் சலத்தில் கிருமி என்று மருந்து தந்தார்கள். களைப்புக்கு நாங்களும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம் (இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது). ஐந்தாம் நாள் சத்தி, வயிற்று நோ, பெரிய பெரிய மூச்சு. இழுப்பு என்று ஆவி பிடிக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு தாதிதான் வாயில் பழவாசம் வருகிறதே என்று விரலில் குத்திப் பார்த்தார். இரத்தத்தில் சீனி டெசிலீட்டருக்கு 486 மில்லிகிராம். கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் ஆபத்தான நிலை) என்று நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு. வருத்தம் முதலாம் வகை நீரிழிவு, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் சீனி வருத்தம். சரி, பிள்ளை தப்பிவிட்டான், இன்சுலின் போட்டுக்கொண்டு கிரிக்கெட்டும் விளையாடுகிறான்.

நான் கேட்பது பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. அடிக்கடி சலம், தாகம், மெலிவு, காரணம் தெரியாத சத்தி என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் வெளிநோயாளர் பிரிவிலும் டிஸ்பென்சரியிலும் அங்கேயே விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்த அறிகுறிகளோடு சீனி 200 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் அந்த ஒரு இரவிலேயே பிள்ளை மோசமாகிவிடலாம்.

அப்புறம், போஸ்டர். இத்தாலியின் பார்மாவில் பாடசாலைகளிலும் பிள்ளை வைத்தியர்களிடமும் போஸ்டர் ஒட்டினார்கள், அதில் முன்னுக்கு வைத்ததே இந்தப் படுக்கையில் சலம் போகும் விஷயத்தைத்தான். அதற்கு முன், 1987 முதல் 1991 வரை, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் 78 வீதம் பேர் கீட்டோஅசிடோசிஸோடு வந்தார்கள். 1997 வரையான அடுத்த வருடங்களில் அது 12.5 வீதம். இங்கே அதைச் சிங்களத்திலும் தமிழிலும் அடித்து ஒட்ட எவ்வளவு செலவாகும்?

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வருத்தம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. 1990களில் பல நாடுகளில் பிள்ளைகளுக்குப் புதிதாக வரும் இந்த வருத்தத்தைக் கணக்கெடுத்த உலக சுகாதார நிறுவனத்தின் டயமண்ட் ஆய்வில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்குப் பின்லாந்தில் 36.5, சீனாவின் சில இடங்களில் 0.1 என்று வந்தது உண்மைதான். ஆனால் கண்டுபிடிக்காமலே காய்ச்சல், இழுப்பு என்ற பெயரில் போய்ச் சேர்ந்த பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது அல்லவா? டெங்கு என்றால் அறிவித்தல் போய், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கே வருகிறார். அதேபோல 18 வயதுக்குக் கீழ் முதலாம் வகை நீரிழிவு புதிதாகத் தெரியவரும் ஒவ்வொரு பிள்ளையையும் வயது, மாவட்டம், கீட்டோஅசிடோசிஸோடு வந்ததா இல்லையா என்பதோடு பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சுற்றறிக்கையை அடுத்த பாடசாலைத் தவணை தொடங்குமுன் அனுப்ப முடியுமா என்று பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கொழும்பு 06