பார்சிலோனா போகும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

நலம்தானே? மகள் வீட்டுக்கு பார்சிலோனா போகிறேன், ஸ்பானிய உள்நாட்டுப் போர் பற்றி அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். நான் முதலில் சொல்வது ரெஃபூஜி 307. நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கும் பதுங்கு சுரங்கம். துப்பாக்கி, பதக்கம் என்று கண்ணாடிப் பெட்டியில் எதையும் தேடாதே. அக்கம்பக்கத்துச் சனங்கள் வெட்டிய சுரங்கமேதான் காட்சிப்பொருள்.

போரில் பார்சிலோனா குடியரசு அரசின் பக்கம், இத்தாலியோ அதை எதிர்த்துக் கிளம்பிய ஃபிராங்கோவின் படைக்குத் துணை. 1937 பிப்ரவரியில் ஓர் இத்தாலியப் போர்க்கப்பல் நகரத்தைச் சுட்டது. பிறகு மயோர்காத் தீவிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இளைஞர்கள் போர்முனையில். போப்ளே செக் பேட்டையில் இந்தச் சுரங்கத்தைத் தோண்டி மண் சுமந்தவர்கள் பெண்கள், பெரியவர்கள், பிள்ளைகள்.

மொன்ஜுயிக் குன்றின் அடிவாரத்தில் பக்கவாட்டில் குடைந்திருக்கிறார்கள். வாசல் தெரு மட்டத்தில் இருப்பதால் கைக்குழந்தையோடும் ஓடி நுழைந்துவிடலாம். உள்ளே பாதை வளைந்து வளைந்து போகும், அதைக் கவனி. நேராக வெட்டியிருந்தால் வெளியே வெடித்த குண்டின் காற்றழுத்தம் கடைசிவரை பாய்ந்து நுரையீரலைக் கிழித்துவிடும். திருப்பத்துச் சுவரில் மோதினால் வேகம் குறையும். ஒரு வாசல் இடிபாட்டில் அடைபட்டாலும் வெளியேற வேண்டுமே, அதற்காக மூன்று வாசல்.

குடைந்த மண்ணை அப்படியே விட்டால் சரியும். பக்கச் சுவர் எழுப்பி, மேலே செங்கல் வளைவு போட்டார்கள். வளைவு மேல்மண்ணின் பாரத்தை இரண்டு சுவருக்கும் இறக்கிவிடும். பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். இருக்கிற கொஞ்ச வெளிச்சம் அதில் பட்டுப் பரவும், அடைபட்ட பயமும் சற்றுத் தணியும்.

நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். 2,000 பேருக்கு என்று கணக்கு, அதாவது மீட்டருக்கு ஐந்து பேர்! அகலமோ இரண்டு மீட்டர்கூட வராது. கழிப்பறை, தண்ணீர்க் குழாய், முதலுதவி அறை, குழந்தைகளுக்குத் தனி அறை எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். அரசியலும் மதமும் பேசக் கூடாது என்று விதி. அந்த நெருக்கடியில் ஒரு சண்டை மூண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார், விதியின் அருமை புரியும்.

1938 மார்ச் 16 முதல் 18 வரை ஓயாமல் குண்டு விழுந்தது. ஆயிரம் பேரளவில் செத்தார்கள். பேட்டைக்காரர்கள் அரசாங்கத்தை மட்டும் நம்பியிருக்காமல் தாங்களே தோண்டியது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரிந்திருக்கும்.

நேரமிருந்தால் சான் ஃபெலிப் நேரி சதுக்கத்துக்கும் போ. 1938 ஜனவரி 30 அன்று அங்கே 42 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தேவாலயச் சுவரில் சிதறல் பட்ட குழிகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். சரியான முடிவு.

சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்கூட்டியே பதிவு செய்துகொள். நோவ் டெ லா ரம்ப்லா தெருவில் இருக்கிறது. பாரலெல் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். பேத்தியையும் கூட்டிப் போ. உள்ளே ஒரு மீட்டர் இடத்தை அளந்து, நீங்கள் ஐந்து பேரும் அதில் நின்று பாருங்கள்.

அன்புடன்,
ராஜு