'எழுத்து மட்டும்தான் வேறு' என்று பதில் எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகளைத் தொகுத்து மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் தொகுப்பில் வேற்றுமொழிப் பதிப்புகள் ஏன் இல்லை என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் வந்தது: "அவை நகல்கள். விளையாட்டு ஒன்றுதான், எழுத்து மட்டும்தான் வேறு." பதில் போட்டதற்கு நன்றி. அந்த ஒரு வரியை இரண்டு வாரமாக என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் என்றால் என்ன என்று காட்ட 1980களின் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளைப் போல நல்ல பாடம் வேறில்லை. ஒரு திரை, நாலு படிக்கட்டு, ஒரு சாவி, குறுக்கே நடமாடும் ஒரு பூதம். எது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் உங்கள் தொகுப்பை வாங்கினோம். அட்டையில் ஆறு மொழிகள் என்று போட்டிருந்தீர்கள். மொழியை மாற்றினால் முகப்புப் பட்டியல் மாறுகிறது. விளையாட்டுக்குள் போனால் எல்லாம் ஆங்கிலம். ஸ்பெயினில் ஸ்பானிய மொழியில் பிறந்த விளையாட்டுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

மாட்ரிட்டின் ஓப்பரா சாஃப்ட் செய்த 'லிவிங்ஸ்டன், சுபோங்கோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1871இல் ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற ஆய்வுப் பயணியைத் தேடிக் கண்டுபிடித்த ஸ்டான்லி என்ற பத்திரிகையாளர் 'லிவிங்ஸ்டன் என்று நினைக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னதாகச் சொல்லப்படும் வாழ்த்து, ஸ்பானியத் தலைப்பாகி, இங்கிலாந்தின் அலிகாட்டா நிறுவனத்தின் வெளியீட்டில் மறுபடி ஆங்கிலத் தலைப்பானது. ஒரே வாக்கியம் இரண்டு முறை மொழி கடந்திருக்கிறது. டினாமிக் என்ற ஸ்பானிய நிறுவனம் செய்த 'ஃபான்டோமாஸ் 2' இங்கிலாந்தில் கோட் மாஸ்டர்ஸ் வழியாக 'வாம்பயர்' என்று பெயரே மாறி வந்தது. உங்கள் தொகுப்பில் இவற்றின் ஆங்கிலப் பதிப்புகள்தான் இருக்கின்றன. மூலத்தை 'நகல்' என்று கழித்துவிட்டு மொழிபெயர்ப்பை மூலமாக வைத்திருக்கிறீர்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரு கோப்பு போதும் என்ற கணக்கு உங்களுக்கு வசதியாக இருக்கலாம். அந்தக் கணக்கில் முதலில் அடிபட்டது பெற்ற தாய்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு விளையாட்டு எந்தெந்த மொழியில் வெளியானதோ, அந்தந்த மொழிப் பதிப்பையும் தொகுப்பில் சேருங்கள். நகல் என்று ஒதுக்காதீர்கள்.

எழுத்து மட்டும்தானே என்கிறீர்கள். அந்த எழுத்து தெரியாமல் வளர்ந்தவள் நான். கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

சித்தப்பா புனேயில் வேலை பார்த்தார். அங்கே டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற வீட்டுக் கணினி ஒன்றை விடுமுறைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கூடவே நாலைந்து விளையாட்டுக் கேசட். அதில் ஒன்று 'ஜெட் செட் வில்லி', ஒரு மாளிகையை அறை அறையாகச் சுற்றிவரும் விளையாட்டு. நான் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு அறைக்கும் கீழே ஒரு பெயர் வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பொருள் தெரியாது. ஓர் அறையின் பெயர் 'தி பான்யன் ட்ரீ'. ட்ரீ என்றால் மரம், அது தெரியும். பான்யன் என்றால் அப்பா போடுகிற பனியன் என்று எடுத்துக்கொண்டேன். ஆக, அது பனியன் காய்க்கும் மரம். தம்பிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பொல்லாத அறை அது. எத்தனை உயிரை அங்கே விட்டோம் என்று கணக்கில்லை. கல்லூரிக்குப் போன பிறகு ஒரு தாவரவியல் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஆலமரம்! எங்கள் ஊர் கண்மாய்க்கரையில் விழுதுவிட்டு நிற்கிற ஆலமரம். விடுமுறை முழுக்க ஆலமரத்தில்தான் ஏறி இறங்கியிருக்கிறோம், அது ஆலமரம் என்று தெரியாமலே. ஓர் ஆங்கிலேயன் தன் கனவு மாளிகைக்குள் நம் மரத்தை நட்டு வைத்திருந்தான். அந்தச் சந்தோஷம் எனக்கு வர வேண்டிய வயதில் வரவில்லை.

அந்த விளையாட்டை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு இருந்த இடம் 48 கிலோபைட். ஒவ்வோர் அறைக்கும் அவர் ஒதுக்கியது 256 பைட். சுவர், தரை, சாய்வுப் படிக்கட்டு, எந்தக் காவல் பூதம் எங்கே என்ற குறிப்பு எல்லாம் அதற்குள். அந்த 256இல் 32 பைட்டை அறையின் பெயருக்குக் கொடுத்திருக்கிறார். எட்டில் ஒரு பங்கு. ஒரு பைட்டை மிச்சம்பிடிக்க இராத்திரி முழுக்க விழித்திருந்த காலத்தில் ஒரு மனிதர் தன் இடத்தில் எட்டில் ஒன்றைப் பெயருக்கென்று எடுத்துவைத்தார். அதைப் பார்த்து 'எழுத்து மட்டும்தான்' என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பிறகு 1990கள். கம்ப்யூட்டர் சென்டர்களில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆடாத ஆள் எங்கள் தலைமுறையில் குறைவு. தொடக்கத்தில் திரை நிறைய ஆங்கிலம் வரும். எங்கள் சென்டரில் எங்களைவிட மூத்த அண்ணன் ஒருவர் பின்னால் நின்று சொல்வார்: "ராஜா ஊர்ல இல்ல. மந்திரி மோசமானவன். இளவரசிக்கு ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்கான். கட்டிக்கணும், இல்லேன்னா செத்துடணும். ஓடுடா!" எனக்குத் தெரிந்த முதல் தமிழ்ப் பதிப்பு அதுதான். கோப்பாக இல்லை, அவர் வாயில் இருந்தது. முதல் கட்டம் முடிந்ததும் கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் என்று கேட்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்து மிதக்கிற குப்பியைக் குடித்தால்தான் கதவு திறக்கும். எங்களிடம் பிளாப்பி மட்டும்தான், கையேடு கிடையாது. அண்ணன் ஒவ்வொரு குப்பியாகக் குடித்துப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத்துகளைக் குறித்துவைத்திருந்தார். அந்த நோட்டுக்கு நாங்கள் வரிசையில் நிற்போம்.

அந்த இளவரசன் எப்படி இருப்பான் என்று கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருவது தலைப்பாகையும் மேற்சட்டையும். 1989இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த மூலத்தில் தலைப்பாகை கிடையாது. வெள்ளை உடையில் வெறுந்தலையோடு ஓடுகிறவன் அவன். தன் தம்பியை ஓடவிட்டுப் படம்பிடித்து வரைந்த உருவம் அது. தலைப்பாகை கட்டிவிட்டது 1990இல் ஜப்பானின் பிசி-98 கணினிக்கு ஆர்சிஸ் நிறுவனம் செய்த பதிப்பு. பின்னர் வந்த மெக்கின்டாஷ் பதிப்பு அந்தக் கோலத்தையே எடுத்துக்கொண்டது. உங்கள் வாதப்படி அந்த ஜப்பானியப் பதிப்பும் நகல். அதைக் கழித்திருந்தால் இளவரசனின் தலைப்பாகையையும் சேர்த்தல்லவா கழித்திருப்பீர்கள்?

கணினிக்கும் இதே கதைதான். ஸ்பெக்ட்ரம் 128 முதலில் கடைக்கு வந்தது ஸ்பெயினில், 1985 செப்டம்பரில், ஸ்பானியச் செய்திகளோடு. இங்கிலாந்து 1986 வரை காத்திருந்தது. அதே 1985இல் ஸ்பெயின் அரசு 64 கிலோபைட் வரையிலான இறக்குமதிக் கணினிகள் மேல் தனி வரி போட்டது. வரியிலிருந்து தப்பிக்க ஆம்ஸ்ட்ராட் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனம், எந்த நிரலாலும் தொட முடியாத 8 கிலோபைட் சில்லு ஒன்றைப் பொருத்தி '472' என்ற பெயரில் விற்றது. ஸ்பானிய விசைப்பலகை கட்டாயம் என்றும் அரசு சொன்னதால் தலைக்கு மேல் அலை போட்ட அவர்களுடைய ஞகரம் அந்தக் கணினியிலும் ஏறியது. ஓர் எழுத்துக்காக ஒரு நாடு நின்றது, நிறுவனங்கள் இறங்கி வந்தன. அந்த மண்ணில் விளைந்த விளையாட்டுகளை அந்த எழுத்தை உரித்துவிட்டா எங்களுக்குக் கொடுப்பது?

தமிழில் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குத் தமிழில் வெளியாகாததை இன்று உங்களிடம் கேட்பது நியாயமில்லை. அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம், பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். ஸ்மித்தின் முந்தைய விளையாட்டான 1983ஆம் ஆண்டின் 'மேனிக் மைனர்' குகைகள் இருபதுக்கும் பிள்ளைகளும் நானும் தமிழில் பெயர் வைத்தோம். அங்கேயும் பெயருக்கு 32 கட்டங்கள்தான். ஒரு கட்டத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளி. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தோம். ரெண்டு சுழி 'ன' வந்துவிட்டது. மூணு சுழி 'ண' எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்கவே இல்லை, எப்படி வரைந்தாலும் 'ன' போலவே தெரிந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடுச் சுழியை மட்டும் ஒரு புள்ளி உயர்த்தி வரைந்து காட்டினாள். அதைத்தான் வைத்திருக்கிறோம்.

தொலைபேசிகள் துள்ளிக்கொண்டு வரும் குகை ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் 31 கட்டம். அதற்கு நான் 'உருமாறிய தொலைபேசிகளின் தாக்குதல்' என்று எழுதினேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "வெறிபிடித்த" என்று போடுங்கள் மிஸ் என்றார்கள். 'வெறிபிடித்த தொலைபேசிகளின் தாக்குதல்' என்று எழுதி, கொம்பையும் காலையும் கொக்கியையும் தனித்தனிக் கட்டமாக எண்ணிப் பார்த்தால் அதுவும் 31. அன்றைக்கு நூலகத்தில் எழுந்த கூச்சலுக்கு நூலகரே எழுந்து வந்துவிட்டார். பெயர்கள் தயார். ஆனால் விளையாட்டு எழுத்துருவை மாற்ற வழி வைக்காமல் கணினிக்குள் நிலையாகப் பதித்த, மாற்ற முடியாத 'ரோம்' நினைவகத்திலிருந்தே எழுத்தை எடுக்கிறது. ஆகவே எழுத்தை வரையும் அந்தச் சிறு நிரல்பகுதியையும் திருத்த வேண்டியிருந்தது. என் பழைய கேசட்டை வைத்து அதைச் செய்தோம். உங்கள் தொகுப்பின் கோப்புகள் பூட்டியிருக்கின்றன, உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

இப்படி ஒரு வேலையைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் ஒரு மொழிப் பதிப்புக்குப் பின்னால் எத்தனை இராத்திரிகள் இருக்கும் என்று எனக்கு உறைத்தது. முன்னாள் சோவியத் நாடுகளில் கையால் கூட்டிய ஸ்பெக்ட்ரம் கணினிகளில் டிஸ்ஸி என்ற முட்டைப் பையனை ரஷ்ய மொழியில் பேசவைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் இதே 32 கட்டத்துக்குள்தான் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் மேல் மட்டும் உள்ள கோபமில்லை. மொழி என்றாலே கடைசி நாளில் ஒட்டுகிற லேபிள் என்ற நினைப்பு எங்கும் இருக்கிறது. தமிழ் உண்டு என்று விளம்பரம் செய்த ஒரு செயலியில் 'உயிர் 3' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வாழ்கிறார் 3' என்று இருந்தது. 'லைவ்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இயந்திரம் துப்பியதை ஒரு தமிழர் கண்ணில்கூடக் காட்டாமல் அச்சேற்றியிருக்கிறார்கள். "யார் மிஸ் வாழ்கிறார்?" என்று ஒரு குழந்தை கேட்டது. எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழியைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். உங்களிடம் கேட்க வந்தது அதுவல்ல.

கேட்க வந்தது இதுதான். மொழிப் பதிப்புகளைச் சேருங்கள். ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம் என்று எதில் வந்ததோ அதில். மொழிபெயர்த்தவர் பெயர் தெரிந்தால் அதையும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் உரிமை வாங்குவது எளிதல்ல என்று அறிவேன். உரிமை ஏற்கெனவே உங்கள் கையில் உள்ளவற்றிலிருந்தாவது தொடங்கலாம். அடுத்த திருத்தப் பதிப்பில் 'லிவிங்ஸ்டன், சுபோங்கோ' ஒன்றை அதன் சொந்த மொழியில் வைத்தால்கூடப் போதும், நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யாருக்கும் ஸ்பானியம் தெரியாது. 'சுபோங்கோ' என்றால் என்ன என்று கேட்பார்கள். அகராதியை எடுத்து வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கணினி வகுப்பு ஆசிரியை